மீன் டி.பி.: ஒவ்வொன்றாக மெலிந்து சாகும் தொட்டியில் என்ன பார்க்க வேண்டும்

தண்ணீர் தெளிவாக இருக்கிறது. அம்மோனியா இல்லை, ஃபில்டர் ஓடுகிறது, தீனியிலும் குறை வைக்கவில்லை. ஆனாலும் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ மீன் வயிறு ஒட்டிப்போய்ச் சாகிறது. கல் உப்பு, மெத்திலீன் ப்ளூ, கடையில் கொடுத்த மஞ்சள் பொடி எல்லாம் போட்டாயிற்று, எதற்கும் மசியவில்லை. இப்படி ஒரு தொட்டி இருந்தால் மைக்கோபாக்டீரியாவைச் சந்தேகப்பட வேண்டும். வளர்ப்பவர்கள் இதை மீன் டி.பி. என்று சொல்கிறார்கள்.

மனிதருக்குக் காசநோய் தரும் கிருமி வேறு, இது வேறு. மீன்களைப் பிடிப்பவை பெரும்பாலும் மைக்கோபாக்டீரியம் மரைனம், ஃபார்ச்சூயிட்டம், கெலோனே என்ற மூன்று இனங்கள். மீனில் இந்த வகை நோய் முதலில் பதிவானது 1897-இல், பிரான்சில், கெண்டை மீனில். மரைனத்தை 1926-இல் ஃபிலடெல்ஃபியா அக்வேரியத்துக் கடல் மீன்களிலிருந்து ஆரன்சன் பிரித்தெடுத்தார். அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் கிருமியிடம் சிக்கலாக இருப்பது ஒன்றே: மெழுகுத்தன்மை கொண்ட அதன் செல்சுவர். மருந்து உள்ளே போகாததற்கும், சாதாரணக் கிருமிநாசினி தோற்பதற்கும், மீனின் உடலே அதை அழிக்க முடியாமல் சுற்றிச் சுவர் கட்டி அடைத்து வைப்பதற்கும் அந்தச் சுவர்தான் காரணம். கீழே வரும் முடிவுகள் பலவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

கை வைக்கும் முன்

இது மீனிலிருந்து மனிதத் தோலுக்கு வரும் கிருமி. சந்தேகப்படும் தொட்டியில் வேலை செய்யும்போது முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை போடுங்கள். கையில் வெட்டு, சிராய்ப்பு, நகச்சுற்று இருந்தால் அன்று கை விடவே வேண்டாம். ஹோஸை வாயால் உறிஞ்சித் தண்ணீர் இறக்கும் பழக்கம் நம் ஊரில் பல பேருக்கு உண்டு. அதை இன்றோடு நிறுத்துங்கள். சிறிய ரப்பர் பம்பு ஒன்று போதும், அல்லது ஹோஸ் முழுக்கத் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் விரலால் அடைத்து இறக்கலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வீட்டில் ஹெச்.ஐ.வி. உள்ளவர், ஸ்டீராய்டு எடுப்பவர், மூட்டுவாதத்துக்கு டி.என்.எஃப்.-ஐத் தடுத்து நோய் எதிர்ப்பைக் குறைக்கும் ஊசி போடுபவர், உறுப்பு மாற்று செய்தவர் யாராக இருந்தாலும் அவர் இந்தத் தொட்டியைத் தொடக் கூடாது.

முதலில் தேதிகளைப் பாருங்கள், பிறகு மீனை

ஒரு மீனின் உடம்பில் தெரியும் எந்த அறிகுறியும் தனியாக டி.பி.யைச் சொல்லாது. சாவு எந்த வேகத்தில் வருகிறது என்பதுதான் சொல்லும். கடந்த 6 மாதத்தில் செத்தவற்றை, தேதியோடு, இனத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள்.

சில மணி நேரத்தில் கூட்டமாகச் செத்தால் அது கிருமி அல்ல. அம்மோனியா, குளோரின் அல்லது ஆக்சிஜன் இல்லாமை. லாரித் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் குளோரின் நீக்காமல் நேரே ஊற்றிய மறுநாள் நடப்பது இது. இரண்டு மூன்று நாளில் பாதித் தொட்டி போனால் காலம்னாரிஸ், ஏரோமோனாஸ் என்ற பாக்டீரியாக்கள், வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி போன்றவற்றைத் தேடுங்கள். வாரக்கணக்கில் இடைவெளி விட்டு, பெரும்பாலும் வளர்ந்த மீன்களாக, வெவ்வேறு இனத்தில், வெவ்வேறு தோற்றத்தில் (ஒன்று மெலிந்து, ஒன்று கூன் விழுந்து, ஒன்று வயிறு ஊதி) செத்துக்கொண்டே இருந்தால் டி.பி. பட்டியலில் முதலிடத்துக்கு வருகிறது. ஒரே தொட்டியில் தொடர்பில்லாதது போலத் தோன்றும் பல நோய்கள் இருப்பதாகப் பட்டால், ஒரே நோய் பல முகம் காட்டுகிறதா என்று யோசியுங்கள்.

எந்த அறிகுறிக்கும் முன்னால் தண்ணீரைச் சோதியுங்கள்: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 40 பி.பி.எம்.-க்கு (லிட்டருக்கு 40 மி.கி.) கீழே. இது சரியில்லாத தொட்டியில் வேறு எதைத் தேடினாலும் குழப்பமே மிஞ்சும். தண்ணீரைச் சரிசெய்து 2 வாரம் பார்த்தபின் மேலே படியுங்கள்.

அறிகுறி: சாப்பிடுகிறது, ஆனாலும் மெலிகிறது

டி.பி.யில் அதிகம் காண்பது இதுதான். மீனை மேலிருந்து பாருங்கள். தலை பெரிதாகவும், தலைக்குப் பின்னால் முதுகுச் சதை இரண்டு பக்கமும் குழிந்தும் தெரிந்தால் அது வெறும் பட்டினி வயிறு இல்லை, தசை கரைந்துகொண்டிருக்கிறது. முதலில் தீனிக்கு ஓடி வரும். பிறகு வாயில் வாங்கித் துப்பும். கடைசியில் மூலையில் நின்றுவிடும்.

ஆனால் மெலிவதற்கு வேறு காரணங்கள் உண்டு, அவற்றில் சில குணமாகக்கூடியவை. ஆகவே அவற்றை முதலில் கழியுங்கள்.

ஆசனவாயைப் பாருங்கள். சிவப்பு நூல் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டு, மீன் அசையாமல் நிற்கும்போது தெரிந்து, நகர்ந்தால் உள்ளே போனால் அது கேமலானஸ் புழு. கப்பி, மோலியில் சகஜம். லெவாமிசோல் லிட்டருக்கு 2 மி.கி., 24 மணி நேரம், விளக்கை அணைத்து வைத்து. பிறகு அடித்தளத்தை உறிஞ்சி எடுத்துப் பெரிய அளவில் தண்ணீர் மாற்றம். 3 வாரம் கழித்து மறுபடி.

மலம் வெள்ளையாக, சளி போல நீண்டு தொங்கினால், குறிப்பாக ஏஞ்சல், டிஸ்கஸ் போன்றவற்றில், குடல் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்கலாம். மெட்ரோனிடசோல் லிட்டருக்கு 6.6 மி.கி., தினமும் தண்ணீர் மாற்றி 5 நாள். மீன் இன்னும் சாப்பிடுகிறது என்றால் தீனியில் கலந்து கொடுப்பது இதைவிட நன்றாக வேலை செய்யும். ஏனெனில் நோய் குடலில் இருக்கிறது.

ஒரே ஒரு மீன் மட்டும் மெலிந்து மற்றவை கொழுத்திருந்தால், தீனி போடும் நேரத்தில் 10 நிமிடம் நின்று பாருங்கள். அதை யாரோ விரட்டுகிறார்கள் என்று தெரியவரலாம். 3 வயதான கப்பியும் ஃபைட்டரும் முதுமையிலேயே மெலியும்.

புழு மருந்தும் குடல் மருந்தும் ஒவ்வொரு சுற்று முறையாகக் கொடுத்து, தனித் தொட்டியில் 3 வாரம் நல்ல தீனி போட்டும் சதை ஏறவில்லை என்றால், இனி மருந்து தேட வேண்டாம். கீழே உள்ள வெட்டிப் பார்க்கும் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: முதுகு வளைகிறது

எப்போது வளைந்தது என்று கேளுங்கள். குஞ்சிலிருந்தே கூன் என்றால் பரம்பரை. அல்லது வளரும் வயதில் வைட்டமின் சி இல்லாத பழைய தீனி. திறந்து 6 மாதம் கடந்த டப்பாவில் வைட்டமின் சி பெரிதாக மிச்சமிருக்காது. திடீரென ஒரே நாளில் வளைந்தால் அடி, மூடியில் மோதல், அல்லது ஹீட்டரில் மின்கசிவு. ஹீட்டரின் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுச் சோதியுங்கள்; இது உங்கள் உயிர் சம்பந்தப்பட்டதும்கூட.

நேராக இருந்த வளர்ந்த மீன், சில வாரங்களில் மெல்ல வளைந்து, கூடவே மெலியவும் செய்தால் அது டி.பி.யின் அடையாளம். கப்பி, மோலி, ரெயின்போ, டெட்ரா இவற்றில் அடிக்கடி காணலாம். நியான் டெட்ராவில் மட்டும் ஒரு எச்சரிக்கை: முதுகுத் தசையில் வெளிறிய திட்டு விழுந்து நீலக்கோடு அந்த இடத்தில் அறுந்தது போலத் தெரிந்தால் அது ப்ளீஸ்டோஃபோரா என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்கும் மருந்து இல்லை. அதற்கும் செய்ய வேண்டியது அதே: மீனைப் பிரித்தெடுப்பது, பிணத்தை மற்றவை தின்ன விடாமல் உடனே அகற்றுவது.

அறிகுறி: ஆறாத புண், செதில் உதிர்ந்த இடம்

புண்ணின் நிறத்தையும் வேகத்தையும் பாருங்கள். இரண்டு நாளில் பெரிதாகி, ஓரம் இரத்தச் சிவப்பாக இருந்தால் பெரும்பாலும் ஏரோமோனாஸ். தண்ணீர் மோசமான தொட்டியில் கோல்டு ஃபிஷுக்கும் கோய்க்கும் வருவது. நடுவில் குச்சி போல ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் நங்கூரப் புழு. டி.பி. புண் மந்தமானது. முதலில் ஒரு செதில் லேசாகத் தூக்கி நிற்கும், பிறகு விழும், அந்த இடம் வெளிறிய பள்ளமாகி அப்படியே வாரக்கணக்கில் நிற்கும். உப்பில் சற்று ஆறுவது போலத் தோன்றி மறுபடி திறக்கும்.

இந்தப் புண்ணிலிருந்துதான் கிருமி நேரே தண்ணீரில் கொட்டுகிறது. ஆறாத புண்ணோடு உள்ள மீனைப் பாவம் பார்த்துப் பொதுத் தொட்டியில் வைத்திருப்பது மற்ற எல்லா மீனுக்கும் செய்யும் கெடுதல். அன்றே தனியாக எடுங்கள்.

அறிகுறி: வயிறு ஊதல், செதில் சிலிர்ப்பு, கண் பிதுங்கல்

இவை மூன்றும் உள்ளே ஏதோ உறுப்பு தோற்றுவிட்டது என்று மட்டும் சொல்கின்றன. எதனால் என்று சொல்வதில்லை. ஒரு கண் மட்டும் பிதுங்கினால் பெரும்பாலும் மோதல் காயம். இரண்டும் பிதுங்கினால் உடலுக்குள் நோய். குட்டை கௌராமியில் இரிடோவைரஸ் இதே தோற்றத்தைத் தரும், ஆனால் அது வேகமாகக் கொல்லும். டி.பி.யில் சிறுநீரகமும் கல்லீரலும், கிருமியைச் சுற்றி உடல் கட்டும் முடிச்சுகளால் நிரம்பி வேலையை நிறுத்தும்போது நீர் கோக்கிறது. அந்த நிலையில் வந்த மீன் மீளாது.

அறிகுறி எதுவும் இல்லை, ஆனால் சாகிறது

இதுவும் நடக்கும். 1997-இல் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் வரிப் பாஸ் மீன்களில் மைக்கோபாக்டீரியா நோய் கண்டறியப்பட்டது. அங்கே வெளியே ஆரோக்கியமாகத் தெரிந்த பல மீன்களுக்கும் மண்ணீரலில் முடிச்சுகள் இருந்தன. நோய் மாதக்கணக்கில் உள்ளேயே இருந்துவிட்டு, இடம் மாற்றுவது, நெருக்கடி, சூடு, முட்டையிடுவது போன்ற ஏதோ ஓர் அழுத்தத்தில் வெளிப்படும். நன்றாக இருந்த மீனை விற்ற பிறகு வாங்கியவர் வீட்டில் சாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறிகுறி: உங்கள் கையில்

விரல் முட்டி, புறங்கை, முழங்கை. தொட்டியில் கை விட்டு 2 முதல் 4 வாரத்தில், சில சமயம் சில மாதம் கழித்தும், சிவந்த அல்லது ஊதா நிறக் கட்டி ஒன்று. வலி அதிகம் இருக்காது. மரு என்று நினைத்து விட்டுவிடுவார்கள். பிறகு மேலே தோல் உரியும், புண்ணாகும், அல்லது நிணநீர்ப் பாதையில் கை வழியாக வரிசையாக மேலேறி இரண்டு மூன்று கட்டிகள் தோன்றும். இந்தக் கிருமிக்குப் பிடித்த வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் அளவு. 37 டிகிரியில் சரியாக வளராது. அதனால்தான் உடலின் குளிர்ந்த பகுதியான கையில் நிற்கிறது, பொதுவாக நுரையீரலுக்குப் போவதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கும் பரவாது.

தோல் மருத்துவரிடம் போகும்போது முதல் வாக்கியமாக "மீன் தொட்டி வைத்திருக்கிறேன், அதில் மீன் டி.பி. இருக்கலாம்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு தகவல் இல்லாததால் பூஞ்சை மருந்து, மரு மருந்து என்று மாதங்கள் போகின்றன. கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் நிலைமை மோசமாகும். திசுத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினால், ஆய்வகம் அதை 30 டிகிரியிலும் வளர்த்துப் பார்க்கச் சொல்லி மருத்துவர் எழுத வேண்டும். 37 டிகிரியில் மட்டும் வைத்தால் ஒன்றும் வளரவில்லை என்று அறிக்கை வரும். காசநோய்க்குச் செய்யும் மாண்டூ தோல் சோதனை இதிலும் பாசிட்டிவ் காட்டலாம், அதைப் பார்த்து நுரையீரல் காசநோய் என்று பயப்பட வேண்டாம். கிளாரித்ரோமைசின், டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால் இவற்றில் மருத்துவர் தேர்ந்தெடுப்பதை 3 மாதமோ அதற்கு மேலோ சாப்பிட வேண்டிவரும். கட்டி மறைந்த பிறகும் 1 முதல் 2 மாதம் தொடர வேண்டும். விரல் மடக்க முடியாமல் வீங்கினால் தசைநார் உறைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். அன்றே போங்கள்.

வெட்டிப் பார்ப்பது

சந்தேகத்தைத் தீர்க்க வேறு வழியில்லை. நோய் முற்றிய ஒரு மீனைத் தேர்ந்தெடுங்கள். தானாகச் செத்து மிதந்த மீன் உதவாது. நம் வெயிலில் 2 மணி நேரத்தில் உள்ளுறுப்பு குழம்பிவிடும்.

வலியில்லாமல் கொல்ல கிராம்பு எண்ணெய். லிட்டருக்கு 0.5 மில்லி என்று சிரிஞ்சால் அளந்து எடுங்கள். சொட்டுக் கணக்கு எண்ணெயில் சரியாக வராது. ஒரு சிறு பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீரோடு சேர்த்துப் பால் போலாகும்வரை குலுக்கி, மீன் இருக்கும் பாத்திரத்தில் ஊற்றுங்கள். செவுள் அசைவு நின்ற பிறகும் 30 நிமிடம் விடுங்கள்.

கையுறை, கண்ணாடி அணிந்து, பழைய கண்ணாடித் தகட்டின் மேல் மீனைப் பக்கவாட்டில் கிடத்தி, தோலை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைக்கவும். நுனி கூர்மையான சிறு கத்தரியால் ஆசனவாயில் தொடங்கி வயிற்றின் அடிக்கோட்டில் செவுள் வரை மேலாக வெட்டுங்கள். ஆழமாக வெட்டினால் குடல் கிழியும். பிறகு ஒரு பக்கச் சுவரை மடித்துத் தூக்குங்கள். முன்னால் பழுப்புநிறக் கல்லீரல். குடலோடு ஒட்டி, அடர் சிவப்பாக, சிறிதாக இருப்பது மண்ணீரல். காற்றுப்பையை விலக்கினால் முதுகெலும்புக்குக் கீழே ஒட்டிக்கொண்டு ஓடும் கருஞ்சிவப்புப் பட்டை சிறுநீரகம். டி.பி. முற்றிய மீனில் இந்த மூன்றிலும் ரவை அளவில், வெள்ளையாகவோ சாம்பலாகவோ, சில சமயம் பழுப்புப் புள்ளியோடு முடிச்சுகள் தெரியும். மண்ணீரல் வழக்கத்தைவிடப் பெரிதாக, மேடுபள்ளமாக இருக்கும்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாலும் நிறுத்த வேண்டாம். குண்டூசித் தலை அளவு மண்ணீரலை ஒரு ஸ்லைடில் வைத்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கவர் ஸ்லிப்பை வைத்து விரலால் அழுத்தி நசுக்குங்கள். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப்பில் 100 மடங்கு போதும். சாதாரணத் திசு சிவப்பாக, ஒரே சீராக விரியும். முடிச்சு இருந்தால் அழுத்தத்துக்கு விரியாமல், வட்டமாக, வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல அடுக்கடுக்கான ஓரத்தோடு, நடுவில் இருண்டு நிற்கும். சாயம் எதுவும் தேவையில்லை; பார்த்ததும் தெரியும்.

ஆனால் வட்டம் தெரிந்தாலே முடிந்துவிடாது. நோகார்டியா, ஃபிரான்சிசெல்லா என்ற வேறு பாக்டீரியாக்கள், சில ஒட்டுண்ணிகள் இவையும் இதே போன்ற முடிச்சைத் தரும். சீல்-நீல்சன் சாயத்தில் சிவப்புக் குச்சிகளாகத் தெரிந்தால்தான் உறுதி. அதற்கு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்தை அணுகுங்கள். சென்னைக்காரர்களுக்கு மாதவரம் வளாகம் இருக்கிறது. முன்கூட்டியே பேசிவிட்டு, மாதிரியை அவர்கள் கேட்கும் வடிவில் கொண்டுபோக வேண்டும். பொதுவாக, கிருமி வளர்ப்புக்கு என்றால் மீனை ஐஸ் மேல் வைத்து 24 மணி நேரத்துக்குள். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம். திசுச் சோதனைக்கு என்றால் 10 சதவீத பஃபர் ஃபார்மலினில், பி.சி.ஆர். என்றால் 95 சதவீத எத்தனாலில். மரைனம் ஊடகத்தில் வளர 1 முதல் 3 வாரம் ஆகும், ஆகவே மறுநாளே பதில் எதிர்பார்க்கக் கூடாது.

ஒரு மீனில் ஒன்றும் இல்லை என்றால் இன்னும் இரண்டைப் பாருங்கள். தொடக்க நிலையில் முடிச்சு உருவாகியிருக்காது.

உறுதியான பிறகு

குணப்படுத்தும் நம்பகமான மருந்து கிடையாது. இதை மென்று விழுங்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த இடத்தில்தான் பெரும் தவறு நடக்கிறது. ரிஃபாம்பிசின், ஐசோனியசிட் என்ற காசநோய் மருந்துகளை உடைத்துத் தொட்டியில் கொட்டும் யோசனை வளர்ப்பவர்கள் நடுவே சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஐசோனியசிட்டும் பைரசினமைடும் மரைனத்தை இயல்பாகவே தொடுவதில்லை. ரிஃபாம்பிசின் தண்ணீரில் கலந்தால் மீனின் முடிச்சுக்குள் தேவையான அளவு போய்ச் சேராது. கிருமியைக் கொல்லாமல் பழக்கப்படுத்தும். அந்தப் பழகிய கிருமி உங்கள் விரலில் ஏறினால் மருத்துவருக்கு இருக்கும் சில மருந்துகளில் ஒன்று போய்விடும். காசநோய் மருந்துகள் இந்தியாவில் 2014 முதல் எச்1 அட்டவணையில் உள்ளவை; சீட்டு இல்லாமல் விற்பதே தவறு. நம் நாட்டில் மனிதக் காசநோய்க்குத் தேவைப்படும் மருந்து மீன் தொட்டித் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகக் கூடாது.

ஒரே ஒரு அழகுத் தொட்டி, மிச்சமுள்ள மீன்கள் இன்னும் துடிப்பாக இருக்கின்றன என்றால், தொட்டியை மூடிய வீடாக நடத்தலாம். புது மீன் போடுவதில்லை, இருக்கும் மீனை யாருக்கும் கொடுப்பதில்லை, செடி, ஸ்பாஞ்ச், கல் எதையும் வேறு தொட்டிக்கு மாற்றுவதில்லை. கூட்டத்தைக் குறைத்து, வாரம் 30 சதவீதம் தண்ணீர் மாற்றி, அடியில் சேரும் கழிவை எடுத்துவிட்டு, மெலியும் மீனைத் தெரிந்த அன்றே பிரித்தெடுங்கள். பிணம் ஓர் இரவு கிடந்தால் மற்றவை கொத்தித் தின்றுவிடும். நோய் பரவ அதைவிடச் சுருக்கு வழி இல்லை. இப்படி நடத்தினால் ஆண்டுக்கணக்கில் மிச்ச மீன்கள் வாழ்வதுண்டு.

குஞ்சு எடுத்து விற்பவர்களுக்கு இந்த வழி கிடையாது. சென்னை கொளத்தூர் போன்ற மீன் சந்தைக்கு அனுப்பும் ஒரு பாக்கெட் மீன் பல கடைத் தொட்டிகள் வழியாகப் பல ஊருக்குப் போகிறது. அந்தத் தொட்டியின் மீன்களை மொத்தமாகக் கொன்று தொடங்குவதுதான் நேர்மை. குட்டி போடும் வகைகளில் தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்று போனதாகப் பதிவு உண்டு, ஆகவே நல்ல நிறம் வந்த கப்பி ஜோடியைக் காப்பாற்ற குட்டியை மட்டும் எடுத்து வளர்ப்பது நம்பத்தக்கதல்ல.

செத்த மீனைப் பூனைக்கோ வேறு மீனுக்கோ போடாமல், இரண்டு பையில் கட்டிக் குப்பையில் சேர்க்கவும் அல்லது சுண்ணாம்பு தூவி ஆழமாகப் புதைக்கவும். தொட்டித் தண்ணீர் கழிப்பறை வழியாகப் போகட்டும். ஏரி, கால்வாய், கிணற்றோரம் வேண்டாம்.

தொட்டியைச் சுத்தம் செய்வது: எது வேலை செய்யும், எது செய்யாது

பொட்டாசியம் பெர்மாங்கனேட் உதவாது. பண்ணைகளில் பயன்படுத்தும் பெராக்சிமோனோசல்ஃபேட் பொடியும், தரை துடைக்கும் குவாட்டர்னரி அமோனியம் திரவமும் மரைனத்திடம் தோற்றவை. ப்ளீச்சிங் பவுடரை வழக்கம் போல ஒரு கை அள்ளிப் போட்டு ஊறவைப்பது இன்னும் மோசம்: போட்டிக்கு இருக்கும் சாதாரண பாக்டீரியாக்கள் செத்து, மெழுகுச்சுவர்க் கிருமி மட்டும் மிஞ்சி, காலியான இடத்தில் அதுவே படர்கிறது. சோடியம் ஹைப்போகுளோரைட் வேலை செய்ய லிட்டருக்கு 50,000 மி.கி. செறிவில் 10 நிமிடமாவது இருக்க வேண்டும். 5 சதவீதம் என்று லேபிளில் போட்டிருக்கும் திரவத்தை நீர் சேர்க்காமல் அப்படியே பூசுவதற்குச் சமம் அது.

சுலபமானது 70 சதவீத ஆல்கஹால். ஒரு நிமிடத்திலேயே எண்ணிக்கையை வீழ்த்திவிடும். வரிசை இது: எல்லா மின் இணைப்பையும் கழற்றுங்கள். தண்ணீரை வடித்து, கண்ணாடியின் வழுவழுப்பு முழுவதும் போகும்வரை டிடர்ஜென்ட் போட்டுத் தேயுங்கள். கிருமி ஒளிந்திருப்பது அந்தப் படலத்தில்தான், அது இருக்கும்வரை எந்த மருந்தும் மேலோட்டமே. அலசி, முழுக்கக் காயவிடுங்கள், ஈரம் இருந்தால் ஆல்கஹால் நீர்த்துப்போகும். பிறகு சன்னலைத் திறந்து, அருகில் அடுப்போ விளக்கோ இல்லாமல், ஆல்கஹாலைத் தெளித்து 10 நிமிடம் ஈரமாகவே இருக்கும்படி திரும்பத் திரும்பத் தெளியுங்கள். சிலிக்கான் மூலைகளில் கூடுதலாக. காய்ந்தபின் ஒரு வாரம் வெயில். வெயில் உதவி மட்டுமே, தனியாகப் போதாது.

வலை, கல், பீங்கான் ஆகியவற்றை 15 நிமிடம் கொதிக்க வையுங்கள். மணல், மரக்கட்டை, ஸ்பாஞ்ச், ஏர் டியூப் இவற்றைத் தூக்கிப்போடுங்கள். சில நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் மொத்த வேலையும் வீணாகும். யூ.வி. விளக்கு தண்ணீரில் மிதந்து வருவதைக் குறைக்கும், ஒட்டியிருப்பதை ஒன்றும் செய்யாது.

எங்கிருந்து வந்தது

பெரும்பாலும் வாய் வழியாக. அமெரிக்காவின் பசிபிக் கரைச் சால்மன் குஞ்சு பொரிப்பகங்களில் ஒரு காலத்தில் இந்த நோய் ஆட்டிவைத்தது; பெரிய சால்மனின் கழிவுகளைப் பச்சையாகக் குஞ்சுகளுக்குத் தீனியாகப் போட்டதே காரணம். தீனியைச் சூடாக்கிக் கிருமி நீக்கிய பிறகு நோய் அடங்கியது. அரோவானாவுக்கும் ஆஸ்கருக்கும் ஃப்ளவர்ஹார்னுக்கும் கடையில் ஒதுக்கிப்போட்ட மலிவுக் கப்பியையும் கோல்டு ஃபிஷையும் உயிரோடு போடுகிறவர்கள் அதே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் மெலிந்ததும் வளைந்ததும். அதை நிறுத்தி, மனிதர் சாப்பிடும் தரத்து இறாலுக்கும் பெல்லட்டுக்கும் பழக்குங்கள். சாக்கடைக் கால்வாயில் அள்ளும் டியூபிஃபெக்ஸ் புழுவையும் விடுங்கள். ஆர்ட்டீமியா என்ற சிறு உப்புநீர் இறாலை வீட்டில் முட்டையிலிருந்து பொரித்துக்கொள்ளலாம்.

ஒரே வலை எல்லாத் தொட்டிக்கும் போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு வலை, ஒரு ஹோஸ். வேலையை ஆரோக்கியமான தொட்டியில் தொடங்கிச் சந்தேகத் தொட்டியில் முடியுங்கள், மறுபடி திரும்பி வரக் கூடாது. வடிகட்டி ஒன்றே பல தொட்டிக்கு ஓடும் அமைப்பு என்றால் ஒரு தொட்டி நோய் என்பது எல்லாத் தொட்டி நோய்.

புதிதாக வாங்கும்போது கடைத் தொட்டியில் உங்களுக்குப் பிடித்த மீனை மட்டும் பார்க்க வேண்டாம். அதே தொட்டியில் மெலிந்தது, கூன் விழுந்தது, பிணம் ஒன்றாவது இருந்தால் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். தனித் தொட்டியில் 2 வாரம் என்பது வெள்ளைப்புள்ளிக்குப் போதும், இதற்குப் போதாது. 60 நாளாவது வைத்திருங்கள். அந்த 60 நாளில் ஒரு மீன் மெலிந்து செத்தாலும், அதே வகையில் நலிந்த இன்னொன்றை வெட்டி மண்ணீரலைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைப் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும்.